போற கதவு வழியாக வந்த பிள்ளைகள்

கொட்டகலைக்கு மேலே இருக்கும் பழைய குழந்தைகள் ஆஸ்பத்திரியை இடிக்காமல் வைத்துக்கொள்வதென்று முடிவாகிவிட்டதாம். அந்த வேலைக்கு வந்திருக்கும் இரண்டு இளம் என்ஜினியர்கள் போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"சார், அந்தக் காலத்துல சரிஞ்ச கட்டடத்த நிமித்துனது நீங்கதானாமே. எப்புடிச் செஞ்சீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்க."

நல்ல பையன்கள். முட்டு, ஜாக்கி, சுண்ணாம்பு என்று எழுதிக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். உட்கார்ந்தேன், டைப் அடித்தேன், ஜாக்கி சமாசாரம் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. கட்டடம் நின்றது ஜாக்கியால்தான். ஆனால் அந்த மழைக்காலத்தில் வார்டு மூடப்படாமல் நடந்ததே, அது ஜாக்கியால் இல்லை. அதையும் எழுதாமல் கொடுத்தால் பாதிக் கட்டடத்தை மட்டும் காட்டுவது மாதிரி.

என் படிப்பு இரண்டு வரி. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். ஹட்டனில் காலேஜ், கொழும்பில் கட்டட வேலைப் பயிற்சி. திரும்பி வந்தபோது தலையில் கிரீம், சட்டைப் பையில் இரண்டு பேனா, வாயில் இங்கிலீஷ். கையெழுத்து 'பி. முத்து'. முழுப்பெயர் பிச்சைமுத்து; காலேஜில் சேருகிறபோதே முன்பாதியை வெட்டிவிட்டேன்.

அந்தப் பெயருக்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பேர் தங்கவில்லை. மூன்றாவதும் போய்விடக் கூடாதே என்று, பிறந்த கையோடு என்னை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டு ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். லயத்தில் அடுத்த அறையான பக்கத்துக் காம்பராக்காரி ஒருத்தி ஒரு கை தவிட்டைக் கொடுத்து என்னை 'வாங்கி', பிறகு வளர்க்கச் சொல்லி அம்மாவிடமே கொடுத்தாளாம். குப்பையில் கிடந்ததையும் பிச்சையாய் வந்ததையும் எமன் திரும்பிப் பார்க்க மாட்டான் என்பது நம் சனங்களின் கணக்கு. லயத்தில் என்னை எல்லோருக்கும் தவிட்டுப்பிள்ளை என்றுதான் தெரியும். கொழும்பு ஹாஸ்டலில் இந்தக் கதையை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்வேனா?

ஐம்பதுகளின் நடுவில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அந்த ஆஸ்பத்திரி. மேலதிகாரி சிவசம்பு, யாழ்ப்பாணத்து ஓவர்சியர். மெலிந்த உடம்பு, பித்தான் கடைசி வரைக்கும் போட்ட கோட்டு. வேலைத்தளத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முதல் நாள் வார்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே இருந்த ஆயாவைப் பார்த்து, "பிள்ளையள் நித்திரையோ? உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்டார். நான் சப்பாத்தோடு ஏற்கெனவே உள்ளே நின்றுகொண்டிருந்தேன்.

சுவரை விரல் முட்டியால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், ஒரு சாண் நகர்வார், திரும்பத் தட்டுவார். கட்டில் ஒன்று இடைஞ்சலாக இருந்தால், அதில் படுத்திருக்கும் பிள்ளை தானாக விழிக்கும் வரை வேறு சுவருக்குப் போய்விடுவார். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டச் சொன்னார். காலையில் கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, உடையாவிட்டால் நின்றுவிட்டது. நான் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் உடைந்த கண்ணாடியை அவர் பார்த்த பார்வை, பிள்ளைக்கு இராத்திரி காய்ச்சல் ஏறிவிட்டது என்று கேட்ட அப்பன் மாதிரி இருக்கும்.

கட்டடம் ஒரு மலைச்சரிவை வெட்டி வைத்தது. கருங்கல் அடித்தளம், கண்ணாடி அடைத்த முன் விறாந்தை, சிவப்புத் தகரக் கூரை. இரண்டு பக்கமும் ஜன்னல் மட்டத்துக்கு மண்மேடு. முன்பக்கச் சரிவு மழையில் இறங்க ஆரம்பித்து, முன்சுவரும் படிக்கட்டும் கூடவே இறங்கிக்கொண்டிருந்தன. செய்ய வேண்டியது இதுதான்: முன்சுவருக்குத் தடித்த மரங்களால் முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தாங்கி, அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டிப் புதுக்கல் கட்டுவது. அடுத்தடுத்துத் தோண்டக் கூடாது. ஒன்று தோண்டிக் கட்டி, அது இறுகிய பிறகு தள்ளி இன்னொன்று. பக்கத்துப் பல்லைச் சேர்த்துப் பிடுங்கினால் தாடையே ஆடிப்போகும், அந்த மாதிரி. மழைக்காலம் முழுக்க முன்வாசல் அடைபட்டிருக்கும். பிள்ளைகளைப் பின்பாதியில் வைத்துக்கொண்டு முன்பாதியில் வேலை.

ஆஸ்பத்திரியை நடத்தியது தோட்டத்துத் துரைமார் சேர்ந்த ஒரு கமிட்டி. அவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். வார்டு நடக்க வேண்டும். கட்டில்கள் காலியாகக் கிடந்தால் ரிப்பேர் நிறுத்தப்படும், கட்டடம் இடிக்கப்படும், பிள்ளைகள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். நெஞ்சுச் சளி கட்டிய பிள்ளையைக் குளிரில் லொறியில் போட்டு அவ்வளவு தூரம் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கோ ஒரே உற்சாகம். வரைபடத்தை விரித்து, "பின்கதவு இருக்கே சார். அது வழியா வரட்டும். நல்ல அகலம், பாதையும் இருக்கு" என்றேன்.

ஆயா ரோசம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். என் அம்மா வயது, எங்கள் பழைய தோட்டத்துக்காரி, வேதக்காரி, கழுத்தில் செபமாலை. என்னை அறியாத மாதிரி அதுவரைக்கும் மரியாதையாக நடந்துகொண்டிருந்தவள்.

"ஐயா, அது போற கதவுங்க" என்றாள்.

"போற கதவெண்டால்?" சிவசம்பு கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான்தானே சொல்ல வேண்டும். சொன்னேன். வார்டில் பிள்ளை இறந்தால் முன்படி வழியாகக் கொண்டுபோவதில்லை. பின்கதவைத் திறந்து, அந்தப் பாதையில் நேரே இடுகாட்டுக்கு. ஆஸ்பத்திரி கட்டிய நாளிலிருந்து வழக்கம். உயிரோடு இருக்கிற பிள்ளை அந்த வாசலை மிதித்ததில்லை. சொல்லச் சொல்லக் காது சூடேறியது. யாழ்ப்பாணத்தார் முன்னால் நம் ஆட்களைப் பட்டிக்காடாகக் காட்டுகிறோமே என்று கடைசியில், "சும்மா மூடநம்பிக்கை சார்" என்று இங்கிலீஷில் ஒரு வால் சேர்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பக்கச் சுவர்களில் புதுவாசல் வெட்ட முடியுமா என்று ஒரு நாள் காலை முழுக்கத் தட்டிப் பார்த்தார். விரிசல் விட்ட சுவரில் ஓட்டை போட்டால் கூரை இறங்கும். வேறு வழி இல்லை.

"அப்ப நீர்தான் உம்மடை சனத்தோடை கதைக்க வேணும்" என்றார்.

கதைத்தேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் கூட்டம் போட்டேன். கிருமி, காற்றோட்டம், விஞ்ஞானம் என்று பொரிந்து தள்ளினேன். பெண்கள் கூடையை இறக்காமலே நின்று கேட்டார்கள். தேயிலைச் செடி வெட்டும் ஒரு கவ்வாத்துக்காரர் மட்டும் பீடியைக் கையில் மறைத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, அந்தக் கதவுல 'இது வாற வழி'ன்னு போர்டு மாட்டப் போறீங்களா?"

"மாட்டலாமே."

"எந்தப் பாஷையில? எமனுக்கு எது வாசிக்கத் தெரியும்னு கேட்டுக்கிருங்க."

மடுவமே சிரிப்பில் குலுங்கியது.

முட்டுக் கொடுத்தோம், முன்வாசல் அடைபட்டது, மழை பிடித்தது. ஏற்கெனவே உள்ளே இருந்த பிள்ளைகள் குணமாகிப் பின்கதவு வழியாகவே வீட்டுக்குப் போனார்கள். போவதற்குப் பயமில்லை, அது போற கதவுதானே. வருவதற்குத்தான் ஆளில்லை. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள் வரிசையாகக் காலி. லயங்களில் இருமல் சத்தம் றோட்டு வரைக்கும் கேட்கிறது என்று ரோசம்மா சொன்னாள்.

"ஒருத்தரும் வருகினமில்லையே, முத்து" என்றார் சிவசம்பு. கமிட்டிக்காரர்கள் பார்வையிட வரும் நாளும் வந்தது.

அன்றைக்கென்று பார்த்து அங்கம்மா வந்தாள். பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்துக்காரி, இருபது வயதுகூட இருக்காது. மார்போடு அணைத்த கைக்குழந்தை, பெண். மூச்சு விடும்போது விலாவுக்கு நடுவில் குழி விழுந்தது. பின்கதவுக்கு வெளியே படியின் கீழ் வந்து நின்றவள் நகரவில்லை. நல்ல தூறல். வார்டுக்குப் பொறுப்பான சிங்கள டாக்டரம்மா வாசலில் நின்று சிங்களமும் தமிழும் கலந்து, "உள்ள கொண்டு வாங்க, சீக்கிரம் கொண்டு வாங்க" என்று கை நீட்டினார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு அழுதாள். திரும்பியும் போகவில்லை, ஏறவும் இல்லை. கமிட்டித் துரைமார் மூன்று பேர் குடையோடு பக்கவாட்டில் வந்து நின்றுவிட்டார்கள்.

"வா அங்கம்மா, நான் தூக்கிக்கிட்டுப் போறேன்" என்று ரோசம்மா இறங்கினாள்.

"வேணாங்க அக்கா. மூத்தவன இந்தப் பக்கமாத்தான் குடுத்தேன். இவளையும் என் கையால இதுல நொழைக்க மாட்டேன்."

ரோசம்மா சமையல்கட்டுக்கு ஓடி, முறமும் ஒரு டின்னும் எடுத்துக்கொண்டு வந்தாள். கோழிக்கு வைத்திருந்த தவிடு. நேரே என்னிடம் வந்தாள். அத்தனை பேர் முன்னாலும், அதுவரை காட்டிய மரியாதை எல்லாம் போய், அவளுடைய பழைய குரல் வந்தது.

"எலே பிச்ச. வா இங்கிட்டு."

நான் கேட்காத மாதிரி நின்றேன்.

"ஒன்னத்தான்டா. தவிட்டுக்கு வாங்குன பயதான நீ? எமன் பாக்காத புள்ள நீ. வந்து இத வாங்கு. நீ வாங்குனா இது அவ புள்ள இல்ல, குப்பை. குப்பைக்குப் போற கதவு வாற கதவு எதுவும் கெடையாது."

அங்கம்மா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் வாங்கினால் பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது. பிள்ளையை அதற்குள் முறத்தில் கிடத்திவிட்டாள்.

துரைமாரில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் என்னமோ கேட்டுச் சிரித்தார். என் கண் பிள்ளையிடம் போகவில்லை, சிவசம்புவிடம் போனது. நான் தவிட்டுப்பிள்ளை என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. கிரீமும் பேனாவும் எல்லாம் தூறலில் கரைந்துபோயின.

அவர் கீழே குனிந்து முறத்தைப் பார்த்தார். "பிள்ளைக்கு மூச்சு முட்டுது, முத்து" என்றார், மெதுவாக. "என்ன செய்ய வேணுமோ கெதியாச் செய்யும்."

"என்னடி இது, குப்பையா கெடக்கு" என்றாள் ரோசம்மா, முறைப்படி.

"குப்பைதாங்க. யாராச்சும் அள்ளிக்கிட்டுப் போங்க" என்றாள் அங்கம்மா.

நான் டின்னில் கைவிட்டு ஒரு கை தவிட்டை அள்ளி அவள் சேலை முந்தியில் போட்டேன். "எனக்கு வேணும்" என்று சொல்ல வேண்டும். சொன்னேன். அந்த இரண்டு வார்த்தைக்கு என் காலேஜ் படிப்பு முழுவதும் என்னை ஆயத்தப்படுத்தவே இல்லை. முறத்தைத் தூக்கிக்கொண்டு படியேறி, போற கதவுக்குள் நுழைந்து, டாக்டரம்மா கையில் கொடுத்தேன். அங்கம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். வெறுங்கையோடு வருகிறவளுக்கு அந்தக் கதவில் பயமில்லை.

அந்த இரவு முழுக்க ரோசம்மாவும் டாக்டரம்மாவும் மாறி மாறிப் பிள்ளைக்கு ஆவி பிடித்துக்கொண்டிருந்தார்களாம். பிழைத்துக்கொண்டது.

மறுநாளே இரண்டு பேர் வந்தார்கள். பிறகு வரிசை. எல்லோருக்கும் நான்தான் வேண்டும். ரோசம்மாவே வாங்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "அவங்க முறையா பெறந்தவங்க தம்பி, அவங்கள எமனுக்குத் தெரியும்" என்று ஒரு கிழவர் எனக்குச் சட்டம் சொன்னார். சாரத்தின்மேல் நிற்பேன், கீழிருந்து குரல் வரும்: "பிச்சண்ணே, ஒரு புள்ள வந்திருக்கு, வாங்க வாங்க." மேசன்மார் சிரிப்பார்கள். கைச்சாந்தைக் கழுவிவிட்டு இறங்குவேன். துரைமார் வராத நேரத்தில், யாரும் பார்க்காத வேகத்தில் முடித்துவிடப் பார்ப்பேன். சிவசம்பு மட்டும் ஒரு நாளும் என்னைப் பிச்சை என்று கூப்பிடவில்லை. முறத்தைக் கொண்டு ஏற வசதியாகப் பின்கதவுப் படியை அகலமாக்கி, மேலே ஒரு தகரம் போடச் சொன்னார். "மழை பிள்ளையிலை விழாமல்" என்றார், அவ்வளவுதான்.

வாங்கிய பிள்ளைகள் எல்லாம் பிழைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பையன் போய்விட்டான். அவனுடைய அப்பா என்னிடம் வந்து, சண்டைக்கு இல்லை, முறை தெரிந்தவராகக் கேட்டார்:

"ஒங்க புள்ளதானுங்களே. இடுகாட்டுக்குக் கூட வாறீங்களா?"

அன்றைக்கு ஜாக்கி ஏற்றுகிற நாள். நான் சிவசம்புவைப் பார்த்தேன், அவர் வேண்டாம் என்று சொல்லட்டும் என்று. அவர் ஆட்களைக் கை காட்டி நிறுத்தினார்.

"உம்மடை பிள்ளை. போட்டு வாரும். சுவர் நிக்கும்."

போனேன். முன்னால் அந்த அப்பா, கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளை. பின்னால் நான், என் பூட்சு சேற்றில் போட்ட சத்தத்துக்குக் கூசிக்கொண்டே.

மழை விட்டது. ஒட்டிய கண்ணாடிகள் உடையாமல் இருந்தன. முன்சுவர் புதுக்கல்லில் உட்கார்ந்தது. கட்டில்கள் ஒரு நாளும் காலியாகக் கிடக்காததால் கமிட்டியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அடுத்த வெயில் காலத்தில் முன்படியைத் திறக்க ஒரு விழா வைத்தார்கள். ரிப்பன், கேக், பெரிய துரை, கொழும்பிலிருந்து இரண்டு பேர்.

பேச்சு நேரத்தில் சிவசம்பு என்னை முன்னால் தள்ளினார். "சுவரைப் பற்றி நான் சொல்லிப்போட்டன். சனத்தைக் கொண்டு வந்தது நீர். நீர்தான் சொல்ல வேணும்."

கொழும்புக்காரர் ஒருவர் நல்ல மனதோடுதான் கேட்டார், அந்த மக்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று. எல்லா முகமும் என் பக்கம். சொல்லியிருக்கலாம். முறம், தவிடு, ரோசம்மா, என் பெயர். நாலு வாக்கியம். அதைக் கேட்டு அவர்கள் சிரித்திருப்பார்களோ என்னவோ, இன்று வரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் சொல்லவில்லை. மடுவத்தில் சுகாதாரக் கூட்டங்கள் நடத்தினோம், மூடநம்பிக்கையைப் படிப்படியாக நீக்கினோம் என்று அழகான இங்கிலீஷில் சொன்னேன். கைதட்டினார்கள். ரோசம்மா கேக் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. சிவசம்புவுக்குத் தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைகிறபோது அங்கம்மா விறாந்தை ஓரமாக வந்தாள். துவைத்த சேலை, இடுப்பில் அந்தப் பிள்ளை. கன்னம் உப்பி, இரண்டு பல் முளைத்து, ஆளே மாறியிருந்தது. அவள் கையில் ஒரு சின்னத் துணிமுடிச்சு. தவிடு. விற்ற பிள்ளையை வாங்கினவனிடமிருந்து திருப்பி வாங்கினால்தான் அது மறுபடி அவளுடைய பிள்ளை. அதற்காகப் பிள்ளைக்குப் பெயரும் வைத்துவிட்டு, விழா நாளாகப் பார்த்து வந்திருக்கிறாள்.

"அண்ணே, மேடையில பேசுனீங்களே, எம்புள்ளையப் பத்தியும் சொன்னீங்களா?"

"ம். சொன்னேன்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"கேட்டியாடி பிச்சம்மா? மாமா ஒன்னயப் பத்தி தொரமாருகிட்ட எல்லாம் சொல்லியிருக்காரு. ஒங்க ரெண்டு பேரு பேரும் ஒன்னுதான்னு சொன்னாரா, கேளு."

துணிமுடிச்சை நீட்டினாள். வாங்க வேண்டும், பிள்ளையைக் கையில் எடுத்து அவளிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் சடங்கு. பத்தடி தள்ளி கொழும்புக்காரர்களும் துரையும் டீக் கோப்பையோடு நின்றார்கள். என் கை நீளவில்லை. என் கழுத்து மட்டும் தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

சிவசம்பு அதைப் பார்த்துவிட்டார். டீக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நடந்து வந்து, எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோட்டுப் பித்தான்களைக் கழற்றி, இரண்டு பக்கத்தையும் அகலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த முதுகுக்குப் பின்னால் நின்றுதான் நான் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தேன்.